‘ஷால்’ என்றால் கட்டாயமா?

ஆங்கிலத்தில் ஒப்பந்தமோ டெண்டரோ விதிமுறையோ எழுதும்போது யாருக்குக் கடமை, யாருக்கு அனுமதி, எது வெறும் பரிந்துரை என்பதையெல்லாம் தீர்மானிப்பவை ஷால், மஸ்ட், ஷுட், மே, கேன் என்னும் துணைவினைகள்தாம். இவற்றில் அதிகம் வழக்காடப்பட்டது ‘ஷால்’.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 320-ஆவது பிரிவையே பார்க்கலாம். அரசு ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அது. அங்கே இருப்பது ‘ஷால்’. கலந்தாலோசிக்காமல் விட்டால் நடவடிக்கை செல்லாமல் போய்விடுமா? உத்தரப் பிரதேச ஊழியர் ஒருவரின் வழக்கில், போகாது என்று 1957-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில விஷயங்களில் ஆலோசனையே தேவையில்லை என்று விலக்களிக்க அதே பிரிவு இடம் தருகிறது. ஆணையம் சொல்லும் ஆலோசனை அரசைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தே நீதிமன்றம் அந்த முடிவுக்கு வந்தது. ‘மே’ என்று எழுதியிருந்ததைக் கட்டாயம் என்று நீதிமன்றங்கள் கொண்டதும் உண்டு.

அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-ல் எளிய நடையில் திருத்தி எழுதினார்கள். ‘ஷால்’ வந்த இடங்களில் பொருளுக்கேற்ப மஸ்ட், மே, ஷுட் என்று மாற்றினார்கள். முழு விசாரணையின்றித் தீர்ப்பளிப்பது பற்றிய 56-ஆவது விதிக்கு ‘ஷுட்’ கிடைத்தது. நீதிபதி தீர்ப்பளித்தே ஆக வேண்டுமா, மறுக்கவும் இடமுண்டா என்ற விவாதம் கிளம்பியது. 2010-ல் அங்கே மட்டும் ‘ஷால்’ திரும்பி வந்தது! பல்லாண்டுத் தீர்ப்புகள் அந்தச் சொல்லின்மேல் கட்டப்பட்டிருந்தன. வேறு எந்தச் சொல்லும் அவற்றைத் தாங்கவில்லை.

சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ வேறு வழியில் போகிறது. அதன் ஆவணங்களில் கட்டாயத்துக்கு ‘ஷால்’ மட்டுமே. பரிந்துரைக்கு ஷுட், அனுமதிக்கு மே, இயலும் என்பதற்கு கேன். இணையத் தொழில்நுட்ப ஆவணங்களுக்கு 1997-ல் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119 இதேபோல் ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை தந்தது. எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் ஒரே ஆவணத்தில் அதற்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும் என்பதே இவை வற்புறுத்துவது. நான் அறிந்தவரை இதைவிட நல்ல விதி இல்லை.

நம் அலுவலகக் கடிதங்களில் ‘பேமென்ட் ஷால் பி மேட் வித்தின் 30 டேஸ்’ என்ற வரி அடிக்கடி வரும். பணம் கட்ட வேண்டியவர் யார் என்பது அதில் இல்லை. ‘தி பையர் மஸ்ட் பே’ என்று தொடங்கினால் ஆள் தெரிந்துவிடும். ‘சைட் ஷால் மீன்...’ என்று வரையறை எழுதுவதும் பழக்கம். அங்கே யாருக்கும் கடமை கிடையாது. ‘சைட் மீன்ஸ்’ போதும். ‘கேன் ஏபிள் டு’ பிழை. கேன் ஒன்றே போதும்.

‘மே நாட்’ எழுதும்போது இன்னும் கவனம் தேவை. ‘தி கான்ட்ராக்டர் மே நாட் யூஸ் தி ரியர் கேட்’ என்றால் பின்வாசலைப் பயன்படுத்தக் கூடாது என்றும் கொள்ளலாம், பயன்படுத்தாமலும் போகலாம் என்றும் கொள்ளலாம். தடைதான் நோக்கமென்றால் ‘மஸ்ட் நாட்’ என்றே எழுதிவிடுங்கள்.