நடமாடும் வீட்டோடு நகரத்துக்குள் நுழையலாமா? அமெரிக்காவில் 'ஆர்.வி.' ஓட்டுவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

படுக்கை, சமையலறை, கழிப்பறை என ஒரு குட்டி வீட்டையே சக்கரத்தின் மேல் வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் ஆர்.வி. எனப்படும் பொழுதுபோக்கு வாகனம். அமெரிக்காவில் விடுமுறை வந்தால் இதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்புவது சகஜம். ஊரிலிருந்து போகும் அப்பா, அம்மாவை இதில் சுற்றிக்காட்டும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

நெடுஞ்சாலையில் இது சுகமான பயணம்தான். சிக்கல் ஆரம்பிப்பது ஊருக்குள் நுழையும்போது. ஏன் என்று பார்க்கலாம்.

எவ்வளவு பெரிய வண்டி?

ஆர்.வி.யில் மூன்று வகை உண்டு. பஸ் போல இருப்பது 'கிளாஸ் ஏ'. இது 45 அடி நீளம் வரைகூட இருக்கும். வேனை மாற்றி அமைத்தது 'கிளாஸ் பி'. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருப்பது 'கிளாஸ் சி'. வாடகைக்குக் கிடைக்கும் பெரிய கிளாஸ் சி வண்டி சுமார் 30 அடி நீளமும் 12 அடி உயரமும் இருக்கும்.

பெரிய வண்டிகளின் அகலம் எட்டரை அடி வரை போகும். இரண்டு பக்கக் கண்ணாடிகள் இதில் சேராது. நெடுஞ்சாலையில் ஒரு தடம் 12 அடி என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் நகரங்களில் பல இடங்களில் தடம் 10 அடிதான். கண்ணாடியையும் சேர்த்தால் மிச்சம் என்று சொல்ல எதுவும் இருக்காது.

தனி லைசென்ஸ் வேண்டாமா?

பெரும்பாலும் வேண்டாம். சாதாரண கார் லைசென்ஸே போதும். மிகப்பெரிய வண்டிகளுக்கு மட்டும் சில மாநிலங்களில் தனி விதி உண்டு. டெக்சாஸில் 26,000 பவுண்டு (சுமார் 11,800 கிலோ) எடையைத் தாண்டினாலும், கலிபோர்னியாவில் 40 அடி நீளத்தைத் தாண்டினாலும் வேறு வகை லைசென்ஸ் எடுக்க வேண்டும். அதாவது, நேற்று வரை கார் மட்டுமே ஓட்டியவர் இன்று 30 அடி வண்டியோடு சாலையில் இறங்கலாம். ஆபத்தே இங்கேதான் இருக்கிறது.

பாலம் இடிக்குமா?

இடிக்கும். வட கரோலினா மாநிலம் டர்ஹாம் நகரில் உள்ள ஒரு ரயில்வே பாலம் இதற்காகவே பிரபலம். அதன் அடியில் இருந்த இடைவெளி 11 அடி 8 அங்குலம். லாரிகளும் ஆர்.வி.க்களும் இதில் மோதி, கூரை பிய்ந்து நிற்கும் காட்சிகள் 2008 முதல் கேமராவில் பதிவாகி வருகின்றன. 2016இல் சென்சார் வைத்தார்கள். உயரமான வண்டி வந்தால் சிக்னல் சிவப்பாக மாறும், எச்சரிக்கைப் பலகை ஒளிரும். அப்படியும் மோதல் நிற்கவில்லை. 2019 அக்டோபரில் பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் இடிக்கிறவர்கள் இடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சாலையைத் தோண்டி இறக்கினால் என்ன என்று கேட்கலாம். அதற்கு அடியில் கழிவுநீர்க் குழாய் போகிறது!

பாஸ்டன் நகரின் ஸ்டாரோ டிரைவ் சாலையிலும் இதே கதைதான். செப்டம்பர் 1 வாக்கில் மாணவர்கள் வீடு மாறும்போது, சாமான் ஏற்றிய வண்டிகள் தாழ்ந்த பாலங்களில் மாட்டிக்கொள்வது வழக்கம். நியூயார்க்கின் பழைய 'பார்க்வே' சாலைகளும் கார்களை மட்டுமே மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. அங்கேயும் பாலங்கள் தாழ்வு.

போனில் இருக்கும் சாதாரண மேப்புக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது. கார் போகிற குறுக்கு வழியை அப்படியே காட்டிவிடும். நீளம், உயரத்தைப் பதிவு செய்யும் ஆர்.வி.க்கான ஜிபிஎஸ் தனியாகக் கிடைக்கிறது. கூரை மேல் உள்ள ஏசியையும் சேர்த்து உயரத்தை அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது. பாலத்தில் மட்டுமல்ல, பெட்ரோல் பங்க் கூரை, ஓட்டல் முகப்பு, மரக்கிளை என எல்லா இடத்திலும் இது உதவும்.

சுரங்கப்பாதையில் கேஸ் சிலிண்டர்

பலர் யோசிக்காத விஷயம் இது. சமையலுக்கும் ஹீட்டருக்கும் வண்டியில் புரொப்பேன் எரிவாயு இருக்கும். சில சுரங்கப்பாதைகளில் வால்வை மூடிவிட்டால் போகலாம். பால்டிமோர் சுரங்கப்பாதைகளில் 10 பவுண்டுக்கு மேல் கொள்ளளவுள்ள சிலிண்டர் இருந்தாலே அனுமதி கிடையாது.

அப்படிப்பட்ட வண்டிகளுக்கு மாற்று வழியாக இருந்தது பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம். 2024 மார்ச் 26 அன்று 'டாலி' என்ற சரக்குக் கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்தது. சாலைப் பணியில் இருந்த 6 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதன் பிறகு எரிவாயு உள்ள வண்டிகள் நகரின் மேற்குப் பக்கம் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. பழைய வழிகாட்டியை நம்பிக் கிளம்பினால் சுரங்கத்தின் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

திருப்பத்தில் என்ன கவனிக்கணும்?

அமெரிக்காவில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நம்ம ஊரில் இடது திருப்பம் எப்படி ஒடுக்கமோ, அங்கே வலது திருப்பம் அப்படி. நீளமான வண்டியின் பின் சக்கரம் முன் சக்கரம் போன பாதையில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சீக்கிரம் திருப்பினால் நடைபாதை மேல் ஏறும். அங்கே ஆள் நிற்கலாம். அதனால் கொஞ்சம் முன்னே போய்த்தான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். கார் போல 'டக்'கென்று திருப்பக் கூடாது.

இன்னொன்று, பின் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால் பகுதி. வலது பக்கம் திரும்பும்போது அது இடது பக்கம் வீசும். பக்கத்துத் தடத்தில் நிற்கும் காரையும், பெட்ரோல் பங்க்கில் உள்ள கம்பத்தையும் உரசுவது பெரும்பாலும் இந்த வால்தான்.

அப்போ என்னதான் செய்வது?

* முடிந்தவரை ஊருக்குள் கொண்டு போகாதீர்கள். புறநகர் முகாமில் நிறுத்திவிட்டு ரயில், பஸ், டாக்சியில் போகலாம். பெரிய வண்டிக்காரர்கள் பின்னால் ஒரு சின்ன காரையே இழுத்துக்கொண்டு போவார்கள்.
* ஊரைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் காலை, மாலை நெரிசல் நேரத்தைத் தவிருங்கள்.
* ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் இறங்கி வழி சொல்ல வேண்டும். நம்ம ஊர் கண்டக்டர் 'வரலாம் வரலாம்' என்பாரே, அதே வேலைதான். அவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.
* தெருவில் நிறுத்தி இரவு தூங்கப் பல நகரங்களில் தடை உண்டு. விசாரிக்காமல் நிறுத்த வேண்டாம்.
* வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். கூரை இடிந்தால் அந்தச் செலவைப் பல காப்பீடுகள் ஏற்பதில்லை. மொத்தமும் வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான் விழும்.

முதல் நாள் ஒரு காலி பார்க்கிங் இடத்தில் அரை மணி நேரம் திருப்பியும், ரிவர்ஸ் எடுத்தும் பழகிவிட்டுக் கிளம்புங்கள். உயரத்தில் சந்தேகம் வந்தால் பாலத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை.