பழைய ஜாவாவில் சைலன்சரையும் ஸீட்டையும் மாற்றும் முன்

மைசூருவின் மண்டி மொஹல்லாவிலிருந்து யாதவகிரி அதிக தூரமில்லை. ஐடியல் ஜாவா தொழிற்சாலை இருந்த இடம் அது. ருஸ்தம் இரானி தொடங்கிய அந்த நிறுவனம், செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா மோட்டார் சைக்கிளை 1960-களின் தொடக்கத்திலிருந்து இங்கே தயாரித்தது. 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டிகள் வந்தன. 1978-இல் ரோட்கிங் வந்தது. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. ஆண்டுதோறும் ஜூலை மாத இரண்டாம் ஞாயிறன்று ஜாவா - யெஸ்டி தினம் கொண்டாடும் வழக்கமும் இருக்கிறது.

தாத்தா ஓட்டிய வண்டி பேரன் கைக்கு வரும்போது, அதைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக்கொள்ளும் ஆசையும் கூடவே வருகிறது. முதலில் கை போவது சைலன்சர் மீது, அடுத்தது ஸீட் மீது. சைலன்சருக்குள் சத்தத்தைத் தடுக்கும் பேஃபிளைக் கழற்றி எறிவது, குட்டையான ஓப்பன் பைப் மாட்டுவது, இருவர் அமரும் நீள ஸீட்டை எடுத்துவிட்டு ஒருவருக்கான கஃபே ரேசர் ஸீட் வைப்பது, அதற்காகப் பின்பக்கச் சட்டத்தையே வெட்டுவது எனப் பட்டறைகளில் கேட்கப்படும் வேலைகள் பெரும்பாலும் இவைதான். இவற்றில் எது உரிமையாளரின் உரிமை, எது குற்றம், எது உயிருக்கே ஆபத்து என்பது பணம் கொடுக்கும்போது பலருக்கும் தெரிவதில்லை.

இயந்திரத்திலிருந்தே தொடங்கலாம். 250 சிசி ஜாவா ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் வண்டி. 65 மில்லிமீட்டர் போர், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். ஒரே சிலிண்டரில் புகை வெளியேற இரண்டு வாய்கள், இரு பக்கமும் ஒவ்வொரு சைலன்சர். இந்த இரட்டைக் குழல்தான் வண்டியின் முகவரி. ஆனால் அது அழகுக்காக மட்டும் வைத்ததல்ல. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் வாயை மூடித்திறக்கத் தனி வால்வு கிடையாது; பிஸ்டன்தான் அந்த வேலையைச் செய்கிறது. எரிந்த புகை வெளியேறும்போது அதன் பின்னாலேயே புது பெட்ரோல் கலவையும் கொஞ்சம் நழுவப் பார்க்கும். குழலின் நீளம், அகலம், உள்ளே உள்ள தடுப்புகள் ஆகியவற்றில் மோதித் திரும்பும் அழுத்த அலை அந்தக் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. பேஃபிளைக் கழற்றினால் இந்தக் கணக்கு குலைகிறது. சத்தம் கூடும், ஆனால் கீழ்வேகத்தில் இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும். கார்பரேட்டரைத் திரும்பச் சரிசெய்யாமல் விட்டால் கலவை பெட்ரோல் குறைந்துபோய், சூடு ஏறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. ஓடும்போது பிஸ்டன் பிடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். சத்தம் கூடினால் வேகமும் கூடும் என்பது இந்த எஞ்சினைப் பொறுத்தவரை தவறான நம்பிக்கை.

பேஃபிளைக் கழற்றச் சொல்பவர்கள் பலரும் சொல்லும் காரணம், ‘கரி அடைத்துக்கொண்டது, வண்டி இழுக்கவில்லை’ என்பது. காரணம் உண்மைதான். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஓடும் வண்டியில் கரி படியத்தான் செய்யும். அதற்கு வழி பேஃபிளை வெளியே எடுத்துக் கரியை நீக்கிச் சுத்தம் செய்து, மறுபடியும் அதே இடத்தில் மாட்டுவது. ஆயிலைக் குத்துமதிப்பாக ஊற்றாமல் சரியாகக் கலந்தால் கரி சேர்வதும் குறையும்.

இனி சட்டம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120-ஆம் விதி எல்லா வண்டிக்கும் சைலன்சர் வேண்டும் என்கிறது. வெளியேறும் புகையின் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் கருவியாக அது இருக்க வேண்டும். பேஃபிள் இல்லாத வெறும் குழாய் இந்த வரையறைக்குள் வராது. 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கு 80 டெசிபல் என்ற வரம்பு 2003-இல் வந்தது. அது தயாரிப்பு நிலையில் சோதிக்கப்படும் அளவு. அதற்கு முன்பு செய்த வண்டி என்பதால் 120-ஆம் விதியிலிருந்து விலக்கு கிடைத்துவிடாது. சத்தம், புகை தொடர்பான தரத்தை மீறி வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு ஓட்டுநர் உரிமம் மூன்று மாதத்துக்குத் தகுதியிழக்கவும் அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது. வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ளும் தொகையை மாநில அரசுகள் குறைத்து வைக்க முடியும் என்பதால், சாலையில் கேட்கப்படும் தொகை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இன்னொரு பிரிவு 52. பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அதன் நான்காம் உட்பிரிவின்படி, அனுமதியில்லாத முறையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சைலன்சர் ஒன்று, ஸீட் ஒன்று என்றால் இரண்டு மாற்றம். ‘பொதுச் சாலைக்கு அல்ல’ என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் சைலன்சரை வாங்கி மாட்டுபவர் கவனிக்க வேண்டிய இடம் இது: அந்த வரி விற்பவரைக் காப்பாற்றலாம், ஓட்டுபவரைக் காப்பாற்றாது. மாட்டிக்கொடுத்த மெக்கானிக் அல்ல, வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் இந்த உட்பிரிவில் மாட்டுகிறார்.

ஸீட் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ‘ஸீட்தானே, அதில் என்ன?’ என்று நினைக்கிறார்கள். ரெக்ஸின் கிழிந்தால் புது உறை தைப்பதும், அமுங்கிப்போன ஸ்பாஞ்சை மாற்றுவதும், மூல வண்ணத்துக்குத் திரும்புவதும் பராமரிப்பு. எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை இரண்டு என்று இருக்கும் வண்டியை ஒருவர் மட்டும் அமரும் வண்டியாக மாற்றினால் ஆர்.சி. விவரமே பொய்யாகிறது. அதற்குப் பிறகும் பின்னால் ஒருவரை ஏற்றினால் சிக்கல் இரட்டிப்பு: பின்னால் அமர்பவர் உறுதியாகப் பொருத்திய தகுந்த ஸீட்டில்தான் அமர வேண்டும் என்கிறது 128-ஆம் பிரிவு. பின்னால் ஆள் ஏற வசதியுள்ள வண்டிக்குக் கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது 123-ஆம் விதி.

அந்தத் தடுப்பைத்தான் நாம் சேலைக் கம்பி என்கிறோம். ஸ்டைலுக்காக முதலில் கழற்றப்படுவதும் அதுதான். சேலைத் தலைப்போ துப்பட்டாவோ ஆரங்களில் சுற்றிக்கொண்டால் பின்னால் இருப்பவர் கண்ணிமைக்கும் நேரத்தில் கீழே இழுக்கப்படுகிறார். நம் ஊர்ப் பெண்களில் பலர் இன்றும் பக்கவாட்டில் அமர்ந்தே செல்கிறார்கள். அந்தக் கம்பியை அசிங்கம் என்று எந்த வடிவமைப்பாளர் சொன்னாலும் கேட்கக் கூடாது.

பின்பக்கச் சட்டத்தை வெட்டுவது இதைவிட மோசம். வண்டியின் பின்பகுதிச் சட்டம் ஸீட்டை மட்டும் தாங்குவதில்லை. மட்கார்டும் பின்விளக்கும் நம்பர் பிளேட்டும் அதை நம்பியே நிற்கின்றன. ஐம்பது ஆண்டு துருவேறிய குழாயில் புது வெல்டிங் எவ்வளவு தாங்கும் என்று பட்டறையில் சோதிப்பதற்கு வழி கிடையாது. வெட்டியதைப் பழையபடி கொண்டுவருவதும் எளிதல்ல.

வண்டிச் சட்டத்தை வெட்டியவர் இழக்கும் இன்னொரு பெரிய விஷயம், வின்டேஜ் தகுதி. 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதலான விதிகளைச் சேர்த்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவிலேயே இருந்து, வண்டிச் சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகள் வின்டேஜ் வண்டியாகப் பதிவு பெறலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லுபடி. பிறகு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவுள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதிவுக்கு ஒரு விலையும் உண்டு: கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் வண்டியைச் சாலையில் இறக்கலாம், தினமும் அலுவலகத்துக்கு ஓட்ட முடியாது. 1973-க்கு முந்தைய மைசூரு ஜாவாக்கள் எல்லாமே வயது வரம்பைத் தாண்டிவிட்டன. முதல் ரோட்கிங்குகள் 2028-இல் தாண்டும். இன்று அவசரப்பட்டு வெட்டப்படும் ரோட்கிங், அந்த வாய்ப்பைத் தவறவிடுகிறது.

காப்பீட்டையும் மறந்துவிடக் கூடாது. நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் இருந்தால் சொந்தச் சேதத்துக்கான கோரிக்கை தகராறாகும், மறுக்கவும்படலாம். மாற்றிய ஸீட்டிலிருந்து ஒருவர் விழுந்து நஷ்ட ஈட்டு வழக்கு வந்தால், அந்த மாற்றம் உரிமையாளருக்கு எதிரான வாதமாகவே வைக்கப்படும்.

போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது? ஆவணங்களை டிஜிலாக்கரில் காட்டினாலும் போதும். அபராதத்தை அங்கேயே கட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சலானை ஏற்காதவர் அதை எதிர்த்துத் தன் பக்கத்தைச் சொல்லலாம். எந்தப் பிரிவில் வழக்கு என்று சலானில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டினால் ரசீது வாங்க வேண்டும். வண்டி விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று ஆர்.டி.ஓ. பதிவை நிறுத்திவைக்க நினைத்தால், 53-ஆம் பிரிவின்படி முதலில் உரிமையாளருக்குத் தன் விளக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். உத்தரவு வந்துவிட்டால் 57-ஆம் பிரிவின்கீழ் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.  மாற்றுத்திறனாளிகள் தங்கள் தேவைக்கு ஏற்ப வண்டியை மாற்ற ஆர்.டி.ஓ.வின் முன் அனுமதி பெறலாம்; அதைச் சட்டமே அனுமதிக்கிறது.

பட்டறை ஏமாற்றினால் அதற்கும் வழி இருக்கிறது. ‘எல்லாம் சட்டப்படிதான், ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வராது’ என்று சொல்லிப் பணம் வாங்கியவர், மூல சைலன்சரைத் திருப்பித் தராதவர், வெல்டிங் விட்டுப்போகும்படி வேலை செய்தவர் எல்லோரும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சேவைக் குறைபாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம்; கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. ஆனால் பில் இல்லாமல் வழக்கு நிற்பது கடினம். வேலைக்கு விடும்போதே என்னென்ன செய்யப்போகிறார்கள் என்று எழுதி வாங்கி, கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து வைத்து, பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மூல ஜாவா சைலன்சரைக் காயலான் கடைக்குப் போட்டவர்கள் பின்னாளில் அதைத் தேடி அலைகிறார்கள்.

சத்தத்தைக் கேட்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உரிமை உண்டு. மண்டி மொஹல்லா பழைய நகரத்தின் நெருக்கமான பகுதி. இர்வின் சாலைப் பக்கம் கே.ஆர். மருத்துவமனையும், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான செலுவாம்பா மருத்துவமனையும் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரையறுத்திருக்கின்றன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை இரவுக் கணக்கு. அமைதி மண்டலமாக அறிவித்த இடங்களில் 50, 40. சத்தமில்லாத வாழ்க்கை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையோடு சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் சொல்லியிருக்கிறது. பிறந்த குழந்தையோடு படுத்திருக்கும் தாய்க்கு அந்த உரிமை இருக்கிறது. இரவில் தொடர்ந்து தொல்லை என்றால் 112-ஐ அழைக்கலாம், அல்லது வண்டி எண், நேரத்தோடு போக்குவரத்துக் காவலில் எழுத்தில் புகார் தரலாம்.

ஏற்கெனவே மாற்றிய வண்டியை வாங்கியவர்கள் மனம் தளர வேண்டாம். பேஃபிளைத் திரும்ப மாட்டி, சேலைக் கம்பியையும் கைப்பிடியையும் பொருத்தி, இருவர் ஸீட்டைக் கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலான சிக்கல் தீரும். வாங்குவதற்கு முன்பே சேஸி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டு, பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பரிவாஹன் தளத்தில் பார்த்துவிடுவது நல்லது. பதினைந்து ஆண்டு கழிந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த ஆய்வுக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது எந்த மாற்றமும் ஒளியாது. யாதவகிரியில் இனி இன்னொரு ரோட்கிங் செய்யப்போவதில்லை. கையில் இருப்பதை வெட்டாமல் வைத்திருங்கள்.