பழஞ்சுரங்க நிலத்திற் பொன் தேடல்: கோலார் உணர்த்தும் உண்மை

ஒரு காலத்திற் பொன் தந்த நிலம் மீண்டும் பொன் தரும் என்னும் நம்பிக்கை எளிதில் அழிவதன்று. கர்நாடக மாநிலத்துக் கோலார் தங்க வயலின் சுரங்கங்கள் 2001 பெப்ரவரி 28 இல் மூடப்பட்டன. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையினராய் உழைத்த களம் அது. அத்தகைய நிலத்தில் மீளத் தேடலென்பது யாது, அதன் முதற்கட்ட முடிவுகள் எவ்வளவு தூரம் நம்பத்தக்கன என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

கோலார்ப் பாறைவலயம் வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீற்றர் நீண்டு, சில கிலோமீற்றர் அகலமே கொண்டது. தொல்கால எரிமலைக் குழம்பு உறைந்து உருமாறிய கரும்பாறைகள் அங்கே காணப்படுகின்றன. அவற்றின் வெடிப்புக்களில் வெந்நீர்க் கரைசல்கள் புகுந்து, குவாட்சையும் பொன்னையும் படியவிட்டன. சாம்பியன் படலம் இவ்வாறு தோன்றியதே. மேற்குப்புறப் படலங்களிற் பொன் கந்தகக் கனிப்பொருள்களோடு கலந்து கிடக்கின்றது.

இந்நிலத்தின் வரலாறே தேடலின் வரலாறாகும். 1802 இல் ஜோன் வாரன் என்னும் படையதிகாரி, ஊரவர் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கண்டறிந்தார். அவருடைய அறிக்கையால் ஊக்கம் பெற்ற மைக்கல் லவெல் 1875 இல் உரிமம் பெற்றார். எனினும் போதிய முதலின்றி அதனைப் பிறரிடம் ஒப்படைத்தார். 1880 இல் ஜோன் டெய்லர் நிறுவனத்தார் வந்த பின்னரும் முதற்சில ஆண்டுகள் ஏமாற்றமே அளித்தன. பழையோர் தோண்டிய குழிகளின் கீழே ஆழச்சென்ற பின்னரே வளமான படலம் புலப்பட்டது. ஆகவே, பழங்குழிகள் வழிகாட்டிகளே. ஆழத்தில் உள்ளதற்கு அவை சான்றாகா.

இன்றைய தேடல் படிமுறையானது. முதலிற் பழைய சுரங்கப் படங்களும் பதிவேடுகளும் ஒப்புநோக்கப்படும். பின்னர்ப் புவிச்சரிதப் படம் வரையப்படும். மண் மாதிரிகளிற் பொன்னோடு ஆசனிக்கும் அளக்கப்படும். பொன் உள்ளவிடத்து ஆசனிக்கு மிகுந்திருத்தல் பலவிடங்களிற் கண்ட உண்மை. அடுத்து அகழிகள் வெட்டிப் பாறை வெளிப்படுத்தப்படும். இவை யாவும் ஒத்துவரும் இடத்திலேயே துளையிடுவர். செலவு மிகுந்த படி அதுவேயாம்.

இங்குதான் விழிப்பு வேண்டும். தொன்னுக்கு 5 கிராம் என்பது பத்து இலட்சம் பங்கில் ஐந்து பங்கேயாகும். பொன் சமமாகப் பரவாது பருக்கைகளாகத் திரண்டு கிடப்பதுண்டு. ஒரு துளை பருக்கையைத் தொட்டால் அளவு பெரிதாகத் தோன்றும். சில மீற்றர் அப்பால் இடப்பட்ட துளை வெறுமையாக இருத்தல் கூடும். எனவே ஒரு துளையின் முடிவு ஒரு குறியேயன்றிச் சுரங்கமன்று. நெருக்கமாகப் பல துளைகள் இட்டு, படலத்தின் நீளம், தடிப்பு, ஆழம் ஆகியவற்றை வரையறுத்த பின்னரே வளம் மதிப்பிடப்படும். அவ்வளத்துள்ளும் இலாபத்தோடு எடுக்கத்தக்க பகுதி சிறிதாயிருத்தல் இயல்பு.

பழஞ்சுரங்க நிலத்துக்குத் தனித்த இடர்களும் உள. கோலாரில் அகழ்வு 3 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆழம் வரை சென்றது; வளமிக்க மேற்பகுதிகள் எடுக்கப்பட்டு எஞ்சிய கனியத்தின் தரம் வீழ்ந்தமையும், ஆழத்தால் உயர்ந்த செலவும் மூடலுக்குக் காரணங்களாயின. நீர் நிறைந்த பழைய சுரங்கவழிகளின் எல்லையை அறியாது துளையிடுதலும் ஆபத்தானது. நகரருகே குவிந்துள்ள அரைத்த கழிவு மண் மேடுகளில் எஞ்சிய பொன் சிறிதளவு உண்டு. ஆனால் அவை சயனைட்டு முறையாற் பதப்படுத்தப்பட்டவை. அவற்றைக் கிளறுவது அயலிலுள்ளோர் உடல்நலத்தையும் சார்ந்த வினாவாகும்.

வேலையிழந்த குடும்பங்கள் வாழும் ஊரில், ஒரு துளையின் முடிவு செய்தியாகும்போது அது வேலைவாய்ப்பென்றே கேட்கப்படும். ஆதலால், தேடுவோர் குறி எது, மாதிரி எது, மதிப்பிட்ட வளம் எது என வேறுபடுத்தி உரைத்தல் அறிவியற் கடன் மட்டுமன்று. அம்மக்களுக்குச் செலுத்தவேண்டிய கடனுமாகும் என்பது எமது கருத்து.