நோரியின் உறவுமுறை

சுஷியைச் சுற்றியிருக்கும் கருமையான நோரித் தாள் உண்மையில் ஒரு சிவப்புப் பாசி. நுண்ணோக்கியில் பார்த்தால், அந்தப் பாசி இலை ஒற்றை அடுக்குச் செல்களால் ஆனது.

சிப்பி ஓடுகளைத் துளைத்து வாழும் இளஞ்சிவப்பு இழையைத் தனி உயிரினமாகக் கருதி, காங்கோசெலிஸ் என்று பெயரிட்டிருந்தார்கள். அது, அப்போது நோரியும் அடங்கியிருந்த போர்பைரா பேரினப் பாசியின் இன்னொரு பருவமே என்று 1949-இல் காட்டினார் பிரிட்டிஷ் விஞ்ஞானி கேத்லீன் ட்ரூ-பேக்கர். ஜப்பானின் நோரி வளர்ப்பையே தூக்கி நிறுத்திய அரிய கண்டுபிடிப்பு அது! அங்கே அவருக்கு நினைவுச்சின்னமும் உண்டு.

இந்த உறவு தெரிந்த பிறகும், மெல்லிய தாள் போன்ற பாசிகள் பெரும்பாலும் போர்பைரா என்ற ஒரே பேரினத்தில்தான் குவிந்து கிடந்தன. உடலமைப்பில் அவற்றைப் பிரித்தறிய அடையாளங்கள் மிகக் குறைவு. 2011-இல் இரண்டு மரபணுக்களை ஒப்பிட்டபோது அந்தப் பாசிகள் பல கிளைகளாகப் பிரிந்தன. நோரி பைரோபியா என்ற பேரினத்துக்குப் போனது. 2020-இல் அதையும் பிரித்து, நோரியை நியோபைரோபியா என்ற பேரினத்தில் சேர்த்தார்கள்.