நைராகோங்கோ: எரிமலைவாயும் அடிவார நகரும்

பூமியின் அகம் வெப்பம் மிக்கது என்பதை நூல்வாயிலாகக் கற்பார் பலர். கண்ணாற் காண்பார் சிலரே. அவ்வாறு காண்டற்குரிய இடங்களுள் ஒன்று, கொங்கோ சனநாயகக் குடியரசின் கிழக்கெல்லையிலுள்ள நைராகோங்கோ எரிமலையாகும். கிழக்காபிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் மேற்குக் கிளையில், ஏறத்தாழ 3,470 மீற்றர் உயரத்துக்கு அது எழுந்து நிற்கின்றது.

அமைதி நிலவிய ஆண்டுகளில், விருங்கா தேசிய பூங்காக் காவலரின் துணையோடு பயணிகள் அதன்மீது ஏறினர். காடும் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பாறையும் கடந்து, ஐந்தாறு மணி நேரத்தின்பின் உச்சியை அடைந்து, குளிர்மிக்க விளிம்பிலே இராத் தங்குவர். இருள் சூழ்ந்தபின்னரே காட்சி முழுமையுறும். 1 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அகலமுடைய வாயின் ஆழத்திலே குழம்பேரி செந்நிறமாய் ஒளிரும். காற்றுப்பட்டுக் குளிர்ந்த மேற்பரப்பிற் கருந்தோல் படரும். அது பிளவுபட, இடையே தழல் தோன்றும். ஏரி கொதிப்பதுபோலத் தோன்றினும் அது கொதிப்பன்று. குழம்பிற் கரைந்திருந்த வாயுக்கள் குமிழிகளாய் வெளியேறுதலேயாம்.

இக்குழம்பிற் சிலிக்கா மிகக் குறைவு. ஆதலின் அது பிசுபிசுப்புக் குன்றி, நீர்போல் விரைந்தோடும் இயல்பினது. காண்பார்க்கு அழகு பயக்கும் இவ்வியல்பே அடிவாரத்தார்க்குக் கேடாகின்றது. 1977 சனவரி 10 இல் மலையின் பக்கங்கள் பிளந்து, ஏரி முழுவதும் ஒரு மணி நேரத்துக்குள் வடிந்தது. தப்பியோட இயலாது பலர் மாண்டனர். 2002 சனவரி 17 இல் தென்சரிவிலே தோன்றிய பிளவுகளினின்றும் பாய்ந்த குழம்பு, கோமா நகரை ஊடறுத்துக் கீவு ஏரியை அடைந்தது, இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். 2021 மே 22 இல் மீண்டும் வெடித்தபோது, தெளிவான முன்னறிகுறிகள் ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த கால அளவிலேயே தோன்றின.

மலை வெடியாத நாளிலும் அபாயம் நீங்குவதில்லை. நிலத்தினின்றும் கசியும் காபனீரொட்சைட்டு வளியினும் பாரமானதாகையால் பள்ளங்களிலே தேங்கும். நிறமும் மணமும் அற்ற அதனுள் இறங்கும் கால்நடைகளும் சிறுவரும் மூச்சடைத்து இறப்பதுண்டு. அவ்வூரார் அதனைத் தம் சுவாகிலி மொழியிலே 'மாசுக்கு', அஃதாவது தீய காற்று, என்பர்.

இவ்வாறாயின் மக்கள் ஏன் அங்கே வாழ்கின்றனர்? எரிமலை மண் வளமுடையது. ஏரி மீன் தருகின்றது. போருக்கஞ்சி ஓடிவந்தோர்க்கு வேறு புகலிடமும் அரிது. உறைந்த குழம்புக் கல்லையே உடைத்து அவர்கள் மதிலும் வீடும் அமைக்கின்றனர். ஓரிரவு தங்கிச் செல்லும் பயணிக்கு அச்செந்தழல் வியப்பு. நாடோறும் இரவில் அதன் ஒளியை வானிற் கண்டு துயில்வார்க்கோ அஃது எச்சரிக்கை. எரிமலையை உணர வேண்டுவோர் அவ்விரு பார்வையையும் ஒருங்கே கொள்ளுதல் வேண்டும்.