ஆக்குபேஷனல் தெரபி முதுநிலைப் படிப்பு (எம்.ஓ.டி.)

எம்.ஓ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆக்குபேஷனல் தெரபி முதுநிலைப் படிப்பு, அதே துறையில் இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கான இரண்டு ஆண்டுப் படிப்பாகும். நோய், விபத்து, பிறவிக் குறைபாடு, மனநலச் சிக்கல், முதுமை ஆகியவற்றால் அன்றாடக் காரியங்களைச் செய்ய முடியாமல் போனவர்களை மீண்டும் அவற்றைச் செய்ய வைப்பதே இத்துறையின் பணி. குளிப்பது, உண்பது, உடுத்துவது, எழுதுவது, சமைப்பது, பேருந்தில் ஏறுவது என எல்லாம் இதில் அடங்கும்.

தமிழில் இதைத் தொழில்வழிச் சிகிச்சை, செயல்முறைச் சிகிச்சை என்று பலவாறு எழுதுகிறார்கள். 'தொழில்' என்ற சொல்லைப் பார்த்து இது ஏதோ கைத்தொழில் பயிற்சி என்று நினைப்பவர்கள் உண்டு. ஒருவர் தம் பொழுதை எவற்றில் செலவிடுகிறாரோ அவை அனைத்துமே இங்கு 'ஆக்குபேஷன்' ஆகும். குழந்தைக்கு விளையாட்டும் அதில் சேரும்.

பிசியோதெரபி எனப்படும் இயன்முறைச் சிகிச்சையோடு இதைக் குழப்பிக்கொள்வதும் வழக்கம். பக்கவாதம் வந்த ஒருவரை எழுந்து நிற்கவும் நடக்கவும் வைப்பதில் பிசியோதெரபியின் பங்கு பெரிது. அவர் ஒரு கையால் சட்டை பொத்தான் போடுவது, குளியலறையில் எங்கே கைப்பிடி வைப்பது, சமையல் மேடையின் உயரம் என்ன என்பவை ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கவனிக்கும் விஷயங்கள். எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. இருவரும் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில்தான் நோயாளிக்குப் பலன் அதிகம்.

யார் சேரலாம்

மாணவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். உளவியல், சமூகப்பணி, உயிரியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்கள் இந்தியாவில் நேரடியாக எம்.ஓ.டி. சேர முடியாது. பி.ஓ.டி. பட்டம் கட்டாயம். அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் வேறு பாடம் படித்தவர்கள் முதுநிலையில் இத்துறைக்குள் நுழையும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் 2007 முதல் தெரபிஸ்ட் ஆவதற்கான தொடக்கக் கல்வியே இளநிலைக்கு மேற்பட்டதுதான். அந்நாட்டு இணையப் பக்கங்களைப் படித்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நம்பி, மூன்று ஆண்டுகள் வேறு பட்டம் படித்துமுடித்த பிறகு கதவு மூடியிருப்பதைப் பார்ப்பது வேதனையானது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போதே முடிவெடுக்க வேண்டிய படிப்பு இது.

பி.ஓ.டி. நீண்ட காலமாக, ஆறு மாத உள்ளுறைப் பயிற்சியோடு சேர்த்து நான்கரை ஆண்டுப் படிப்பாக இருந்துவந்தது. 2021-இல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின்கீழ் இத்துறையும் வருகிறது. அதனால் கால அளவு, சேர்க்கை முறை ஆகியவற்றுக்கு அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்ப்பதே பாதுகாப்பு. சிகிச்சையாளராகப் பணிபுரிய இளநிலைப் பட்டமே போதும். கல்லூரி ஆசிரியர் பணி, ஆய்வு, ஒரு பிரிவில் ஆழ்ந்த தேர்ச்சி ஆகியவற்றை விரும்புகிறவர்களுக்கே எம்.ஓ.டி. தேவைப்படுகிறது.

துறையின் வேர்கள்

அமெரிக்காவில் இதற்கான முதல் சங்கம் 1917-இல் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. நிறுவியவர்களில் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோயாலும் பிறகு பக்கவாதத்தாலும் துன்புற்றவர். மாதக்கணக்கில் படுத்திருக்கும் காசநோயாளிகளுக்குப் படிப்படியாக வேலை கொடுத்துத் தேற்றுவது அக்காலச் சானடோரியங்கள் சிலவற்றின் வழக்கம். தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய மருத்துவமனையும் அந்தச் சானடோரியக் காலத்தைச் சேர்ந்தது. ரயில் நிலையத்தின் பெயரில் அச்சொல் இன்றும் நிற்கிறது.

இந்தியாவில் முதல் பயிற்சிப் பள்ளியை 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவர், அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர். 1952-இல் அகில இந்தியச் சங்கம் உருவானது. அதே ஆண்டில் உலகக் கூட்டமைப்பு அமைந்தபோது நிறுவன உறுப்பு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு 1947-இல் வந்தபோது விரல்கள் மடங்கிப்போன கைகளைக் கண்டார். அறுவைச் சிகிச்சையால் அவ்விரல்களை நிமிர்த்தினார். ஆனால் கை சரியானால் மட்டும் பிழைப்பு நடக்குமா? உணர்ச்சியற்ற விரலைக் காயப்படுத்திக்கொள்ளாமல் உளியையும் சுத்தியலையும் பிடிக்கக் கற்றுக்கொடுக்க, வேலூரில் ஒரு மறுவாழ்வு மையமும் வேண்டியிருந்தது.

என்ன படிக்கிறார்கள்

குழந்தைகள் நலம், நரம்பியல், கை மற்றும் எலும்பியல், மனநலம் போன்ற பிரிவுகளில் ஒன்றை மாணவர் தேர்ந்தெடுக்கிறார். கல்லூரிக்குக் கல்லூரி பிரிவுகள் மாறும். ஆய்வு முறையியல், புள்ளியியல், மருத்துவமனைப் பயிற்சி ஆகியவற்றோடு ஓர் ஆய்வேடும் எழுத வேண்டும்.

இந்த ஆய்வேட்டை வெறும் சம்பிரதாயமாக நினைக்கக் கூடாது. உலகெங்கும் பயன்படும் பார்த்தெல் குறியீடு 1965-இல் அமெரிக்காவில் வெளியானது. உண்ணும் திறனை அளக்கும்போது உணவை வெட்டுவதையும் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதையும் அது உதாரணம் காட்டுகிறது. ரசம் சோற்றைப் பிசைந்து, விரல்களைக் குவித்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவது வேறு வகைக் கைத்திறன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவது, குந்தி அமரும் கழிப்பறை, புடவைக் கொசுவம் மடிப்பது, குனிந்து கோலம் போடுவது என்று நம் வீடுகளின் தேவைகள் தனி. இவற்றை அளக்கத் தகுந்த முறைகளை நம் ஊர் ஆய்வு மாணவர்கள்தான் உருவாக்க வேண்டும். வெளியிலிருந்து யாரும் செய்துதரப் போவதில்லை. பெற்றோரிடம் தமிழில் கேட்கத்தக்க வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்துச் சோதிப்பதுகூட நல்ல ஆய்வுப் பொருள்தான்.

குழந்தைகள் பிரிவுக்கு இப்போது நாட்டம் அதிகம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான புலன் ஒருங்கிணைப்புப் பயிற்சி, ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வகுத்த கோட்பாட்டிலிருந்து வந்தது. பென்சிலைப் பிடிக்கத் திணறும் குழந்தையைச் 'சோம்பேறி' என்று சொல்லிவிடுவது பள்ளிகளில் எளிது. விரல் வலிமையா, பார்வை ஒருங்கிணைப்பா, உட்காரும் நிலையா, எது காரணம் என்று பிரித்துப் பார்ப்பது இவர்களின் வேலை. முதியோர் நலத்துக்கு வருபவர்கள் இன்னும் கூடினால் நல்லது என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

சென்னையின் தென்புறத்தில்

தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயிலில் பொத்தேரியில் இறங்கினால் காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். வளாகம். அங்குள்ள ஆக்குபேஷனல் தெரபி கல்லூரியில் பி.ஓ.டி., எம்.ஓ.டி. இரண்டும் உள்ளன. இது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பதால் சேர்க்கையும் கட்டணமும் தனி. கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் வழியாகவும் இப்படிப்பைப் படிக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம், 1985-இல் தொடங்கப்பட்ட கோட்டூர்புரம் வித்யாசாகர் ஆகிய இடங்களில் இச்சிகிச்சை அன்றாடம் எப்படி நடக்கிறது என்பதை அறிந்துகொள்ளலாம். முன் அனுமதி கேட்டுச் செல்வது முறை.

வெளிநாட்டில் பணிபுரியும் எண்ணம் இருந்தால், இளநிலைக் கல்லூரிக்கு உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் உண்டா என்பதைத் தொடக்கத்திலேயே பார்க்க வேண்டும். அக்கூட்டமைப்பு குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சியை எதிர்பார்க்கிறது. எம்.ஓ.டி. சேரும்போது கேட்க வேண்டியவை வேறு: விரும்பும் பிரிவில் வழிகாட்டும் பேராசிரியர் இருக்கிறாரா, அப்பிரிவு நோயாளிகள் அங்கே போதுமான எண்ணிக்கையில் வருகிறார்களா, முந்தைய மாணவர்களின் ஆய்வேடுகளை நூலகத்தில் எடுத்துப் பார்க்க விடுவார்களா.