ரயில் போன பாதையில சைக்கிள்

எனக்கு சைக்கிள் ஓட்ட பயமில்லை. பின்னாடி உறுமிக்கிட்டு வர்ற கார்தான் பயம். அந்தப் பயமில்லாம ஓட்ட இங்கிலாந்துல ஒரு இடம் சொல்றேன்: டெர்பிஷயர்ல இருக்கிற மான்சல் டிரெய்ல். நீளம் சுமார் 14 கிலோமீட்டர்.

இது 1968-ல மூடப்பட்ட ரயில் பாதை. இப்போ தண்டவாளம் இல்லை, சரளைதான். சுத்தி மலை, ஆனா மூச்சு வாங்காது. ஏன்னா, ரயிலால செங்குத்தா ஏற முடியாது. அதனால அன்னைக்கே மலையைக் குடைஞ்சு, பள்ளத்தாக்கு மேல பாலம் கட்டி, பாதையைக் கிட்டத்தட்டச் சமமாக்கிட்டாங்க.

பல வருஷம் பூட்டிக் கிடந்த சுரங்கப்பாதைகளை 2011-ல திறந்தாங்க. உள்ளே விளக்கு உண்டு. பொழுது சாய்ஞ்சா அணைஞ்சிடும். அதனால சைக்கிள்ல லைட் கட்டாயம்.

கார் இல்லைன்னு பறக்காதீங்க. குழந்தைகள், சக்கர நாற்காலி, குதிரை எல்லாம் வரும். நமக்கு கார் எப்படியோ, நடக்கிறவங்களுக்கு நாம அப்படி.